அனுமதி கேட்காமல் சுவரில் தேர்தல் விளம்பரம் எழுதிவிட்டுப் பிறகு கையெழுத்துக் கேட்கிறார்கள்: போட வேண்டுமா?

வெண்ணாற்றங்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலத்துக்கு அருகே, வெண்ணாற்றங்கரைச் சாலையை ஒட்டிய ஓர் ஊராட்சியில் எங்கள் பூர்விக வீடு இருக்கிறது. அப்பா காலமான பிறகு அம்மா மட்டும் அங்கே இருக்கிறார்; நான் வேலையின் பொருட்டுத் திருச்சியில் குடியிருக்கிறேன். பொங்கலுக்கு முன் சுற்றுச்சுவர் முழுவதற்கும் சுண்ணாம்பு அடித்து, அடியில் காவிப் பட்டையும் இழுத்து வைத்திருந்தோம். சாலைப் பக்கம் நாற்பது அடி நீளமுள்ள சுவர் என்பதால் எல்லோர் கண்ணிலும் படும்.

தை மாதக் கடைசியில் ஒரு நாள் விடியற்காலை அம்மா வாசல் தெளிக்கப் போனபோது, சுவரின் இரு மூலைகளிலும் ஒரு கட்சியின் பெயரும் ஆண்டும் எழுதப்பட்டிருந்தன. நடுவில் மறுபடி வெள்ளை பூசி இடம் பிடித்து வைத்திருந்தார்கள். தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டு, வேட்பாளர் பெயரும் வெளியானதும், அந்த வெள்ளைப் பரப்பில் பெயரும் சின்னமும் ஏறிவிட்டன. அம்மாவிடம் ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. எழுதி முடித்து நான்கு நாள் கழித்துத்தான் கட்சியின் கிளைப் பொறுப்பாளர் வந்தார். அவர் அம்மாவுக்குத் தம்பி முறை, எனக்கு மாமா முறை. வெறும் வெள்ளைத்தாளை நீட்டி, "கீழே ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள் அக்கா, மற்றதை நாங்கள் எழுதிக்கொள்கிறோம்" என்றிருக்கிறார். மகளைக் கேட்டுச் சொல்வதாக அம்மா அனுப்பி வைத்திருக்கிறார். அவர் போகும்போது, வாக்குப்பதிவு முடியும் வரை எங்கள் திண்ணையில் கட்சியின் தற்காலிக அலுவலகம் வைத்துக்கொள்ளவும் இடம் கேட்டிருக்கிறார். ஊராட்சித் தொடக்கப் பள்ளிதான் வாக்குச்சாவடி. எங்கள் வாசலிலிருந்து நடந்தால் நூற்றைம்பது மீட்டர்கூட இராது.

எழுதிய பின் கொடுக்கும் இசைவு சட்டப்படி செல்லுமா, மறுத்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். மன்னார்குடி நகராட்சி எல்லைக்குள் எங்களுக்கு ஒரு கடையும் உண்டு. அதன் பக்கவாட்டுச் சுவரையும் கேட்கிறார்கள். இரண்டுக்கும் விதி ஒன்றுதானா? எந்தக் கட்சி என்பதை வேண்டுமென்றே எழுதவில்லை. எந்தக் கட்சியாக இருந்தாலும் என் கேள்வி இதுவேதான்.

கோட்டைமேடு (பதில்):

சகோதரிக்கு வணக்கம். வருவாய்த்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். தஞ்சை, திருவாரூர் பகுதிகளில் சில தேர்தல்களில் பறக்கும் படையிலும் இருந்திருக்கிறேன். எனவே விதியையும், அது தரையில் நடக்கும் விதத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் உங்கள் கிராமத்துச் சுவர். தேர்தல் நடத்தை விதிமுறைகளின்படி, தனிநபரின் நிலம், கட்டடம், சுற்றுச்சுவர் ஆகியவற்றில் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கொடிக்கம்பம் நடவோ, பதாகை கட்டவோ, சுவரொட்டி ஒட்டவோ, முழக்கம் எழுதவோ தம் தொண்டர்களை எந்தக் கட்சியும் வேட்பாளரும் அனுமதிக்கக் கூடாது. நம் மாநிலத்தில் இதற்கும் முந்திய சட்டம் ஒன்று இருக்கிறது: திறந்தவெளி இடங்களின் உருச்சிதைவைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டம். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் விளம்பரம் செய்ய உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான இசைவு வேண்டும் என்பது அதன் சாரம். தேர்தல் ஆணையம் இதை இன்னும் இறுக்கியிருக்கிறது. உள்ளூர்ச் சட்டம் இடம் தரும் பகுதிகளில்கூட, வேட்பாளர் முன்கூட்டியே எழுத்துப்பூர்வ அனுமதி பெற்று, அதன் நகலை உரிய படிவத்தோடு மூன்று நாள்களுக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். உரிமையாளரின் பெயரும் முகவரியும் அந்த எழுத்துக்கு ஆன செலவும் அந்தப் படிவத்தில் இருக்க வேண்டும். 'முன்கூட்டியே' என்ற சொல்லை அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள். எழுதி நான்கு நாள் கழித்து நீட்டப்படும் வெள்ளைத்தாள் அந்த அனுமதி ஆகாது. முன்தேதியிட்டு நிரப்பினால் அது பொய் ஆவணமாகிவிடும். அதன் அடியில் உங்கள் அம்மாவின் கையெழுத்து இருக்கும்.

அடுத்து கால அளவு. தேர்தல் அறிவிப்பு வெளியானதும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. அரசு அலுவலக வளாகங்களில் உள்ள சுவரெழுத்து, சுவரொட்டி, பதாகை, கொடி எல்லாவற்றையும் 24 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும். பேருந்து நிலையம், தொடர்வண்டி நிலையம், பாலம், மின்கம்பம், உள்ளாட்சிக் கட்டடம் போன்ற பொது இடங்களுக்கு 48 மணி நேரம். தனியார் இடங்களில் அனுமதியின்றி இருப்பவற்றுக்கு 72 மணி நேரம். நம் பகுதியில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் சுவரும், வாய்க்கால் மதகும், ஆற்றுப்பாலத்தின் கைப்பிடிச் சுவரும்தான் கட்சிக்காரர்கள் முதலில் பிடிக்கும் இடங்கள். ஒரு முறை மழைத் தூறலில், பாலத்தின் கைப்பிடிச் சுவரில் காய்ந்தும் காயாமலும் இருந்த சின்னத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தோம். சாயம் கரைந்து சுண்ணாம்பு வாளியே ரோஜா நிறமாகிவிட்டது. மறுநாள் காலை அதே இடத்தில் அதே சின்னம் மீண்டும் இருந்தது. அகற்றுவதற்கான செலவை வேட்பாளரின் கணக்கில் ஏற்றத் தொடங்கிய பிறகுதான் அது நின்றது.

மன்னார்குடிக் கடைச் சுவரின் நிலை வேறு. நகர்ப்புறங்களில் தேர்தல் சுவரெழுத்துக்கு இடமே இல்லை. நீங்களே மனமுவந்து இசைவு கொடுத்தாலும் எழுத முடியாது. ஊராட்சிப் பகுதியில்தான் உரிமையாளரின் இசைவு என்ற கேள்வியே எழுகிறது. தேர்தல் அறிவித்ததும் மாவட்ட ஆட்சியர் அனைத்துக் கட்சியினரையும் அழைத்து நடத்தும் கூட்டத்தில் இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள். ஆகவே தெரியாமல் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாற்றங்கால் (பதில்):

மேலே உள்ளவர் சட்டத்தைச் சரியாகத்தான் சொல்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அம்மா அங்கே தனியாக இருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். நாளைக்கு வயலுக்குத் தண்ணீர் திருப்பவும், அறுவடை இயந்திரம் பேசிவிடவும், இரவில் உடம்புக்கு முடியாமல் போனால் வண்டி பிடிக்கவும் அதே மாமா முறைக்காரர்தான் ஓடி வர வேண்டியிருக்கும். ஒரு சுவருக்காக உறவை முறித்துக்கொள்வது கிராமத்தில் எளிதில் ஆறாது. வாக்குப்பதிவு முடிந்த மறுநாளே சுண்ணாம்பு அடித்துக்கொள்ளலாம். என் தனிப்பட்ட கருத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு விடுவதே நல்லது.

எழுத்துக்கோப்பவன் (பதில்):

நாற்றங்கால் அவர்களின் அக்கறை எனக்குப் புரிகிறது. எனினும் வெற்றுத்தாளில் கையெழுத்து என்பதை என்னால் ஒருபோதும் ஏற்க முடியாது. கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகளாக அச்சுத் தொழிலில் இருக்கிறேன். தேர்தல் காலத்தில் ஒரு காகிதத்துக்கு எவ்வளவு கனம் என்பது எங்களுக்குத் தெரியும்.

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு எங்கள் தொழிலைக் கட்டுகிறது. தேர்தல் துண்டறிக்கை, சுவரொட்டி எதுவானாலும் அதன் முகப்பிலேயே அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் தாம் யார் என்ற உறுதிமொழியில் கையெழுத்திட்டு, அவரை நேரில் அறிந்த இருவர் சான்றொப்பமிட்டு, இரண்டு பிரதிகளாக எங்களிடம் தர வேண்டும். அச்சான மூன்று நாள்களுக்குள் நாங்கள் அந்த உறுதிமொழியையும், அச்சிட்டதில் நான்கு பிரதிகளையும், எத்தனை படிகள், எவ்வளவு கூலி என்ற விவரத்தையும் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பிவிட வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூட்டம் நடக்கும் நாள், நேரம், இடம் ஆகியவற்றை மட்டும் அறிவிக்கும் சுவரொட்டிக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. கையால் படியெடுப்பதைத் தவிர, படிகளைப் பெருக்கும் எந்த முறையும் அச்சு என்றே அந்தப் பிரிவு கூறுகிறது. அதனால் பிளக்ஸ் எந்திரம் வைத்திருப்பவர்களும் தப்ப முடியாது.

ஒரு தேர்தலின்போது இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டி, பென் டிரைவைக் கொடுத்து, அச்சகப் பெயர் இல்லாமல் ஆயிரம் சுவரொட்டி வேண்டும், இரு மடங்கு கூலி தருகிறோம் என்றார்கள். எதிர் வேட்பாளரைப் பற்றிய இழிவான வாசகம் அது. நான் மறுத்தேன். இரண்டு நாள் கழித்து அதே வாசகம் ஊரெங்கும் ஒட்டப்பட்டிருந்தது. அடியில் அச்சிட்டவர் பெயரே இல்லை. முகப்பில் பெயர் வேண்டும் என்று சட்டம் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுமையாக விளங்கியது. பொறுப்பேற்க ஆள் இல்லாத சொல்லை யாரிடம் போய்க் கேட்பது?

உங்கள் சுவரில் இருப்பது கையால் எழுதியது என்பதால் 127ஏ அதைத் தொடாது. ஆனால் செலவுக் கணக்கு தொடும். சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு வேட்பாளர் செய்யக்கூடிய செலவின் உச்சவரம்பு, 2022ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி நம் மாநிலத்தில் 40 லட்சம் ரூபாய். மக்களவைக்கு 95 லட்சம். சுவரெழுத்து, பதாகை, கொடி என்று ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் நிர்வாகம் ஒரு விலைப்பட்டியல் வைத்திருக்கும். நாற்பது அடிச் சுவர் என்றால் அதற்கான தொகை வேட்பாளர் கணக்கில் ஏறியாக வேண்டும். முடிவு அறிவித்த 30 நாள்களுக்குள் அந்தக் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால் மூன்று ஆண்டு வரை தகுதியிழப்பு நேரலாம். இப்போது வெற்றுத்தாளை எண்ணிப் பாருங்கள். அதில் சுவரின் அளவைப் பாதியாக எழுதலாம்; அம்மாவே தம் செலவில் எழுதிக்கொண்டார் என்றும் எழுதலாம். வேட்பாளரின் எழுத்துப்பூர்வ அதிகாரம் இல்லாமல் அவருக்காக மற்றொருவர் விளம்பரச் செலவு செய்வது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 176ஆவது பிரிவில் குற்றம். உறவுக்காகப் போடும் ஒரு கையெழுத்து ஒரு மூதாட்டியை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடக் கூடாது.

ஆசிரியை, திருவையாறு (பதில்):

திண்ணை அலுவலகம் பற்றி யாரும் சொல்லவில்லை; வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பலமுறை இருந்தவள் என்ற முறையில் அதை மட்டும் எழுதுகிறேன். வாக்குச்சாவடியிலிருந்து 200 மீட்டருக்குள் கட்சிகள் தற்காலிக அலுவலகம் திறக்கக் கூடாது. அந்த எல்லைக்கு வெளியே திறந்தாலும் ஒரே ஒரு கட்சிக் கொடியும், நான்கு அடிக்கு எட்டு அடிக்கு மேற்படாத ஒரே ஒரு பதாகையும்தான் வைக்கலாம். கோயில், மசூதி, தேவாலய வளாகத்திலோ, பள்ளி, மருத்துவமனையை ஒட்டியோ, புறம்போக்கை வளைத்தோ திறக்கவும் முடியாது. உங்கள் வாசல் நூற்றைம்பது மீட்டருக்குள் என்றால் பேச்சுக்கே இடமில்லை. அம்மா இதைச் சொல்லியே மறுத்துவிடலாம். அதில் மனத்தாங்கலுக்கும் வழியில்லை. மறுப்பது விதிதானே தவிர அம்மா இல்லை.

வாக்குப்பதிவு நாளில் சாவடியைச் சுற்றி 100 மீட்டருக்குள் வாக்குக் கேட்பதும், தேர்தல் தொடர்பான எந்த அறிவிப்பையோ அடையாளத்தையோ காட்டுவதும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 130ஆவது பிரிவில் குற்றம். ஒரு தேர்தலில் பள்ளிக்கு எதிரே இருந்த வீட்டுச் சுவரில் சின்னம் இருந்ததை முதல் நாள் மாலையே கவனித்தேன். மண்டல அலுவலருக்குச் சொன்னேன். அவர் ஊராட்சி உதவியாளரை அனுப்பினார். அந்த வீட்டுப் பாட்டி, தாம் யாருக்கும் சொல்லவில்லை என்றும், கேட்காமலேயே எழுதிவிட்டார்கள் என்றும் கண்கலங்கச் சொன்னார். பல வீடுகளில் உண்மை நிலை அதுதான். வீட்டில் ஆண்கள் இல்லாத சுவர் என்றால் கேட்கவே தேவையில்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். சகோதரியின் கேள்வியைப் படித்ததும் எனக்கு அந்தப் பாட்டியின் நினைவுதான் வந்தது.

தூரிகை (பதில்):

நான் சுவர் எழுதும் தொழிலாளி. எங்களைப் பற்றியும் தவறாக எண்ண வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். இரவோடிரவாக ஐந்து ஊர் முடிக்க வேண்டும் என்று ஏணியும் வாளியுமாக ஏற்றி அனுப்புவார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டாயிற்றா என்று நாங்கள் கேட்டால், எல்லாம் பேசியாயிற்று என்பார்கள். விடிந்ததும் வீட்டுக்காரர் வந்து நின்றால் பேச்சு வாங்குவது நாங்கள்தான். இப்போதெல்லாம் நான் அனுமதித் தாளின் நகலைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்ட பிறகே தூரிகையை எடுக்கிறேன். வேலை குறைந்திருக்கிறது, ஆனாலும் அதை மாற்றுவதாக இல்லை.

பிளக்ஸ் பற்றி ஒன்று. ஆற்றங்கரைச் சாலைகள் எவ்வளவு குறுகல் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். வளைவில் சவுக்குக் கழியை நட்டு, கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டிய பதாகை எதிரே வரும் அறுவடை இயந்திரத்தையே மறைத்துவிடும். காற்று அடித்தால் சவுக்கு முதலில் முனகும், அப்புறம் கம்பி அறும். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்திருந்த பதாகை விழுந்து, இருசக்கர வண்டியில் சென்ற இளம் பெண்ணின் உயிர் போனது. அதற்கு முந்தைய டிசம்பரிலேயே அனுமதியற்ற பதாகைகளுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்திருந்தது. நம் ஊர் வளைவுகளிலும் தேர்தலுக்குத் தேர்தல் அதே ஆபத்து நிற்கிறது. சுவரில் எழுதினால் உரிமையாளருக்கு வருத்தம் வரும், சுண்ணாம்பால் அது தீரும். சாலை வளைவில் நிற்பதை யாரும் தன்னுடையது என்று எண்ணாததால் அதைப் பற்றிப் புகார் செய்ய ஆளே வருவதில்லை. அதையும் சேர்த்துப் புகார் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோட்டைமேடு (பதில்):

புகார் செய்யும் முறையை விட்டுவிட்டேன். 'சி-விஜில்' என்ற தேர்தல் ஆணையச் செயலியில், சம்பவ இடத்தில் நின்றபடியே படமோ இரண்டு நிமிடக் காணொளியோ எடுத்து அனுப்பலாம். இடத்தை அதுவே குறித்துக்கொள்ளும். முன்பே எடுத்து வைத்திருக்கும் படத்தை அது ஏற்காது. ஆகவே நீங்கள் ஊருக்குப் போகும்போதோ, அம்மாவுக்கு அருகில் இருக்கும் பிள்ளைகளைக் கொண்டோதான் எடுக்க வேண்டும். நூறு நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் இலக்கு. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம், ஆனால் பிறகு என்ன ஆயிற்று என்ற தகவல் உங்களுக்கு வராது. செயலி வேண்டாம் என்றால் 1950 என்ற எண்ணுக்குப் பேசலாம், அல்லது தேர்தல் நடத்தும் அலுவலருக்கு ஒரு பக்க மனு போதும்.

ஒன்றை மட்டும் அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம். படம் எடுத்து, புகாரின் எண் கிடைக்கும் முன் நீங்களாகச் சுண்ணாம்பு அடித்துவிடாதீர்கள். சுவர் உங்களுடையதுதான், அடிக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரு கட்சியின் விளம்பரத்தை மற்றொரு கட்சியினர் அகற்றக் கூடாது என்று நடத்தை விதிமுறைகளில் இருக்கிறது. எதிர்க்கட்சிக்காரர் தூண்டுதலால் அழித்தார்கள் என்று கதை கட்ட இடம் கொடுக்க வேண்டாம்.

நாற்றங்கால் (பதில்):

வெற்றுத்தாளில் என்னென்ன நிரப்ப முடியும் என்று அச்சுத்தொழில் ஐயா விளக்கிய பிறகு என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். கையெழுத்துப் போட வேண்டாம். ஆனால் புகாருக்கு முன், உறவுக்காரரை நேரில் பார்த்து ஒரு முறை சொல்லிவிடுங்கள். சொல்லாமல் அதிகாரிகள் வந்து நின்றால் அதுவே காலத்துக்கும் பேச்சாகிவிடும்.

வெண்ணாற்றங்கரை (கேள்வி கேட்டவர்):

அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். நாற்றங்கால் அவர்கள் சொன்னபடி முதலில் மாமாவைத்தான் பார்த்தேன். எழுதிய பின் வாங்கும் இசைவு செல்லாது என்பதையும், பள்ளி எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும், நகராட்சிக்குள் எழுதவே முடியாது என்பதையும் பொறுமையாகச் சொன்னேன். திண்ணையையும் கடைச் சுவரையும் உடனே விட்டுவிட்டார். வீட்டுச் சுவரை மட்டும், "எழுதியது எழுதியாயிற்று, இருந்துவிட்டுப் போகட்டும் பாப்பா" என்றார். அம்மா உள்ளேயிருந்து வந்து, "கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் தம்பி, கேட்காமல் எழுதினது எனக்குப் பொறுக்கவில்லை" என்று சொன்னார். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

அன்று மாலையே சுவரையும், பாலத்தை ஒட்டிய வளைவில் இருந்த பிளக்ஸையும் படமெடுத்துச் செயலியில் அனுப்பினேன். இருட்டுவதற்குள் இரண்டு பேர் வண்டியில் வந்து, அம்மாவிடம் இசைவு கொடுத்தீர்களா என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். வளைவில் இருந்த பதாகையை அப்போதே இறக்கிவிட்டார்கள். சுவருக்கு வேட்பாளர் தரப்பிலிருந்து ஞாயிறு காலை ஆள் வந்து வெள்ளையடித்துப் போனார். ஒரே பூச்சுதான், சின்னத்தின் சிவப்பு இன்னும் மங்கலாகத் தெரிகிறது. இரண்டாம் பூச்சையும் அவர்களிடமே கேட்கலாமா, நாங்களே அடித்துக்கொள்ளலாமா?

கோட்டைமேடு (பதில்):

தாராளமாகக் கேளுங்கள். சின்னம் கண்ணுக்குத் தெரியும் வரை அது அகற்றப்பட்டதாகக் கணக்கில்லை. பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு 1950இல் சொல்லுங்கள். முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவதை அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் அந்தச் சிவப்பு மறுபடி ஊறி வெளியே வந்துவிடும். காவிப் பட்டையையும் அவர்களே இழுத்துத் தர வேண்டும் என்று அம்மா கேட்டால், அதுவும் நியாயமே.